ரிலீஃப் பட்டன்

போன வியாழக்கிழமை ஆபீஸில் மேஜைகளை இடம் மாற்றிப் போட்டோம். இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த புரோகிராமர் பெண், ஜன்னலோரம் இருந்த உன் பழைய மேஜையின் கீழ் டிராயரை இழுத்து, உள்ளே கையை விட்டு ஒரு கிளவுஸை எடுத்தாள். வெள்ளைப் பருத்தி கிளவுஸ், உள்ளங்கைப் பக்கம் நீல ரப்பர் புள்ளிகள். வலது கை மட்டும்தான் இருந்தது. ஆள்காட்டி விரலின் நுனி கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது.

"அக்கா, இது கிழிஞ்சு கெடக்கு. குப்பையில போட்டுடவா?" என்றாள்.

பாய்ந்து பிடுங்கிவிட்டேன். பாவம், பயந்துபோனாள். மேடத்துக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஆபீஸ் முழுக்கப் பரப்பி வைத்தவள் நீ. புதிதாக வருகிறவர்களுக்கு அதை நானே நிரூபித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். யாரும் பார்க்காதபோது கிளவுஸை முகர்ந்து பார்த்தேன். ரப்பரும் வயர் உறையின் பிளாஸ்டிக்கும் கலந்த வாடை இன்னும் லேசாக இருந்தது.

உன்னை முதல் தடவை பார்த்ததே அந்தக் கிளவுஸோடுதான். வல்லம் வடகாலில், கார்களுக்கு வயர் கட்டு செய்யும் கம்பெனி. ஒரகடத்தில் பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மாடியில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து எழுதிய சாஃப்ட்வேரை, அந்தக் கம்பெனி லைனில் ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு டேப்லெட் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வேலை செய்கிற பெண் தன் ஐடி கார்டைக் காட்டிவிட்டு, ஒவ்வொரு பீஸின் லேபிளையும் ஸ்கேன் செய்து, ஓகே அல்லது ரிஜெக்ட் அமுக்க வேண்டும். யார் செய்தது, எது கெட்டது என்று அத்தனையும் பேரோடு பதிவாகும். நான் அழகாக விளக்கிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர், "யாராச்சும் ஒருத்தர் வந்து தொட்டுப் பாருங்கம்மா" என்றதும் மற்றவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். நீ வந்தாய்.

கிளவுஸ் போட்ட விரலால் தொட்டாய். திரை அசையவில்லை. அழுத்தித் தொட்டாய், அப்போதும் அசையவில்லை.

"கிளவுஸைக் கழட்டிட்டுத் தொடுங்க" என்றேன்.

"கழட்டி மாட்டறதுக்குள்ள லைன்ல ரெண்டு பீஸ் பூடும் மேடம்."

சொல்லிக்கொண்டே மேஜை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து விரல் நுனியை நறுக்கென்று வெட்டினாய். சூப்பர்வைசர் கத்தினார். நீ காதில் வாங்கவே இல்லை. ஓகே பட்டனைத் தொட்டாய், பக்கத்திலிருந்த ரிஜெக்ட் விழுந்தது. மறுபடி தொட்டாய், மறுபடியும் ரிஜெக்ட். "இது உங்க விரலுக்கு செஞ்சீங்களா, எங்க விரலுக்கு செஞ்சீங்களா?" என்று கேட்டாய். லைனே சிரித்தது. பஸ்ஸில், நான் குடியிருக்கும் சுங்குவார்சத்திரம் வந்து சேரும்வரை உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். இறங்கிய பிறகுதான் நீ கேட்டது சரியான கேள்வி என்று உறைத்தது.

சில மாதம் கழித்து உன் கான்ட்ராக்ட் முடிந்தது என்று கேள்விப்பட்டு, நானே போன் செய்து எங்களிடம் டெஸ்டராக வரச் சொன்னேன். "எனக்கு கம்ப்யூட்டர்ல ஒரு எழவும் தெரியாது மேடம்" என்றாய். அதனால்தான் கூப்பிடுகிறேன் என்றேன். நம் இருவருக்கும் ஒரே வயது. வந்த ரெண்டாவது வாரமே என்னை 'நீ' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாய். 'மேடம்' மட்டும் கேலிக்காகக் கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருந்தது. மதுரைப் பக்கத்துக்காரி நான் 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என்றால் நீ ஒரு நாள் முழுக்க அதையே சொல்லிக் காட்டுவாய்.

உன் நோட்டுப் புத்தகத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பக் என்கிற தப்புகளைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும் என்று எவ்வளவு சொல்லியும், நீ முதலில் நோட்டில்தான் எழுதுவாய். "லேபிள் ஸ்கேன் பண்ணேன். வரல. மறுபடி பண்ணேன். வரல. கோவம் வந்துச்சு." எங்கள் டீமில் வேகமாக எழுதுகிறவன் கார்த்தி. அவன் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அக்கா, கோவம் வந்துச்சுங்கறதெல்லாம் பக் இல்லக்கா."

"அதாண்டா பக்கே. கோவம் வந்தா லைன்ல பொண்ணு இன்னா பண்ணுவா தெரியுமா? நல்லா ஸ்கேன் ஆவுற லேபிள் ஒண்ண டேபிள்ல ஒட்டி வெச்சிகினு, எல்லா பீஸுக்கும் அதையே காட்டுவா. நான் பண்ணிகீறேன்."

ஒரே லேபிளை ஒருத்தி நூறு தடவை காட்டுவாள் என்று எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. படித்தவர்கள் நாங்கள், ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு லேபிள் என்று சட்டம் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

ரிலீஃப் பட்டனும் அப்படித்தான் வந்தது. லைன் நிற்காது. ஒரு பெண் பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்குவாள். ரிலீவர் என்று ஒருத்தி வந்து அவள் இடத்தில் நிற்பாள், இவள் ஓடிப் போய் ஓடி வருவாள். அந்தப் பத்து நிமிஷமும் டேப்லெட்டில் இருப்பது போனவள் பேர். நின்றவள் ஏதாவது தப்பு செய்தால் போனவள் தலையில் விழும். "ஒரு பட்டன் வெய் மேடம். ரிலீவர் அத்தத் தொட்டு அவ கார்ட காட்டினா போதும், அப்பறம் ஓடற பீஸெல்லாம் அவ பேர்ல போவட்டும்" என்று நீ ஒரு வாரம் என் பின்னாலேயே சுற்றினாய். இதற்கெல்லாம் ஒரு பட்டனா என்று எனக்கு அலுப்பாக இருந்தது. உன் தொல்லை தாங்காமல்தான் வைத்தேன்.

சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் ஒரு நாள் மாலை, பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே நான் உன்னிடம் புலம்பினேன். பசங்கள் எல்லாம் தொட்டுக்கூடப் பார்க்காமல் அரைவேக்காடாக எழுதி உன்னிடம் தள்ளுகிறார்கள், அது ஏன் என்று. நீ சிரித்தாய்.

"நான் லைன் கடைசியில செக்கிங்ல உக்காந்துகினு இருந்தப்போவும் இதேதான் மேடம். கடைசியில ஒருத்தி பாத்துப்பான்னு தெரிஞ்சா, முன்னாடி கீறவ எவளும் பாக்க மாட்டா."

அதை நான் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டேன். அது உனக்கு என்ன செய்யப் போகிறது என்று அன்று உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது என்றுதான் சொல்லிக்கொள்ள ஆசை.

அடுத்த வருஷம் ஒரு பெரிய வேலை கைநழுவிப் போனது. ஒருத்தரைக் குறைக்க வேண்டும் என்றார், எங்கள் கம்பெனியில் பணம் போட்டிருந்த பார்ட்னர். ஆறு பேர் டீமுக்குத் தனியாக டெஸ்டர் எதற்கு, எழுதுகிறவனே தான் எழுதியதைச் சோதிக்கட்டும், அதையும் ஆட்டோமேட்டிக்காக ஓட விட்டுவிடலாம், பெரிய பெரிய கம்பெனிகளே அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். சும்மா சொல்லக் கூடாது, அதில் நியாயம் இருந்தது. தன் தப்பைத் தானே தேடுகிறவன் கவனமாக எழுதுவான். தேட ஒரு ஆள் இருந்தால் சோம்பல் வரும். இதை நான் உனக்காக எதிர்த்துப் பேசியிருக்கலாம். நான் டீம் லீடர், என் பேச்சுக்கு அங்கே எடை உண்டு. ஆனால் அதைவிட எளிதான வழி ஒன்று எனக்குக் கிடைத்தது. உன்னை உள்ளே கூப்பிட்டு, உன் வாக்கியத்தையே உன்னிடம் திருப்பிச் சொன்னேன்.

"நீயே சொன்னியே, கடைசியில ஒருத்தி இருந்தா யாரும் பாக்க மாட்டாங்கன்னு. அதான்..."

"நல்லா கேட்டு வெச்சிகினுகீற மேடம்" என்றாய். நீ அந்த வாக்கியத்துக்கு வைத்திருந்த மீதிப் பாதி எனக்கு அப்போதே தெரியும். எல்லாரையும் மாசம் ஒரு நாள் லைனுக்குக் கூட்டிப் போ, கிளவுஸ் மாட்டி நிறுத்து, அப்போது முன்னாடி இருக்கிறவனும் பார்ப்பான் என்று அதே டீக்கடையில் அதே பஜ்ஜியோடு நீ சொல்லியிருந்தாய். அந்தப் பாதியை நான் சௌகரியமாக மறந்துவிட்டேன். நீ டிபன் பாக்ஸையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாய். டெஸ்ட் செய்யும்போது நீ மாட்டிக்கொள்ளும் வலது கை கிளவுஸ் டிராயரிலேயே தங்கிவிட்டது.

நீ போன பிறகு கார்த்தி திரையைச் சுத்தம் செய்தான். ரொம்பப் பட்டன் இருக்கிறது, குழப்புகிறது என்று கஸ்டமர்களே சொல்லியிருந்தார்கள். எந்தப் பட்டனை அதிகம் தொடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தான். ரிலீஃப் பட்டனை எப்போதாவதுதான் தொடுகிறார்கள். அது எதற்கு என்று அவனுக்கும் சரியாக ஞாபகமில்லை. எடுத்துவிட்டான். அந்தப் பட்டனுக்கென்று இருந்த ஆட்டோமேட்டிக் சோதனையையும் கூடவே எடுத்தான். மீதிச் சோதனைகள் எல்லாம் பச்சை விளக்கு காட்டின. நானும் பார்த்துச் சரி என்றேன். லைனில் பெண்கள், பட்டனைக் காணோமே என்று லைன் லீடரிடம் கேட்டிருக்கிறார்கள். அப்டேட் வந்திருக்கு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க என்று பதில் வந்திருக்கிறது. அட்ஜஸ்ட் செய்துகொண்டார்கள்.

ஒரு மாதம் கழித்து அந்தக் கம்பெனி சூப்பர்வைசர் போன் செய்தார். ஒரு பெண்ணின் பேரில் தொடர்ச்சியாக நாலு பீஸ் கெட்டிருக்கிறது, நாலிலும் வயர் இடம் மாறி இருக்கிறது, அவள் தான் செய்யவே இல்லை என்று அழுகிறாள் என்றார். "ஏங்க, உங்க சாஃப்ட்வேர் பொய் சொல்லாது இல்ல?"

"சாஃப்ட்வேர் பொய் சொல்லாது சார்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. எங்கள் பொருளை ஒருத்தர் சந்தேகப்படுகிறாரே என்ற வீம்புதான் பேசியது. அந்தப் பெண்ணை லைனிலிருந்து எடுத்து, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் உன்னிடமிருந்து போன் வந்தது. நீ போனதிலிருந்து அதுதான் முதல் போன். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

"மேடம், ரிலீஃப் பட்டன் எங்க?"

ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண், மண்ணூரில் உன் வீட்டுக்குப் பின் சந்தில் மூன்று பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். "அந்த டயத்துக்கு பாத்ரூம்ல இருந்துச்சாம் மேடம் அந்தப் பொண்ணு. ரிலீவர் நின்னுகீறா. இத்த எப்பிடி அது சூப்பர்வைசராண்ட சொல்லும்? நாலு ஆம்பளைங்க சுத்தி உக்காந்துகினு எத்தினி நிமிஷம் போனே, இன்னாத்துக்குப் போனேன்னு கேக்கறானுங்களாம். வாயத் தொறக்காம அழுதுகினு கீது."

அன்று மதியமே அந்தக் கம்பெனிக்கு ஓடினேன். தப்பு எங்களுடையது, பட்டனை எடுத்தது நாங்கள், அந்த நேரத்தில் அவள் இடத்தில் நின்றது யார் என்று எங்கள் சாஃப்ட்வேருக்குத் தெரியாது என்று மேனேஜர் முன்னால் சொன்னேன். அவர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். ரெண்டு நாளில் அந்தப் பெண் லைனுக்குத் திரும்பினாள், பட்டனும் திரும்பி வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உன்னை வந்து பார்ப்பதற்கு எனக்கு மூன்று மாதம் ஆனது. வேலை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். அதற்குள் உனக்குக் காமாலை வந்திருந்தது. கண் மஞ்சளாக, தோள் எலும்பு தெரிய, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். "வா மேடம், அங்கிட்டு உக்காரு" என்று சிரித்தாய். உன் அம்மா டீ போட உள்ளே போனார்கள். மன்னிப்புக் கேட்க நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்திவிட்டாய்.

"என்னாண்ட இன்னாத்துக்கு சாரி? அந்தப் பொண்ணாண்ட சொன்னியா?"

நான் மேனேஜரிடம் சொல்லியிருந்தேன், சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தேன், எழுதியும் கொடுத்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. அவள் முகம்கூட எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதுதான் அசிங்கமான உண்மை.

"சொல்லிட்டேன்" என்றேன்.

உன் அம்மா வைத்துவிட்டுப் போன டம்ளரை நீ என் பக்கம் நகர்த்தினாய். பிறகு, "சரி மேடம். டீ ஆறுது, குடி" என்றாய்.

அதற்குப் பிறகு உன்னைப் பார்த்தது மண்ணூர் சர்ச்சில், பெட்டிக்குள், பூவுக்கு நடுவில்தான். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, மேடம் மேடம்னு உன்னியப் பத்தியே பேசினு இருப்பாம்மா என்று அழுதார்கள். நான் பாதியில் வெளியே வந்துவிட்டேன். ரெண்டு வருஷமாக அந்த 'சொல்லிட்டேன்' என்னை விட்டுப் போகவே இல்லை. எதையும் ரெண்டு தடவை தொட்டுப் பார்க்காமல் விடாத நீ, நான் சொன்ன பொய்யை மட்டும் அப்படியே வாங்கிக்கொண்டு போய்விட்டாயே என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன்.

கிளவுஸ் கிடைத்த அதே வாரம் பார்ட்னர் மறுபடி அந்தப் பேச்சை எடுத்தார். இந்தத் தடவை தலைகீழ். எட்டுப் பேர் ஆகிவிட்டோம், இப்போதாவது ஒரு டெஸ்டர் வேண்டாமா என்றார். கார்த்தி வேண்டாம் என்றான். சோதனைகளை எழுதவே இப்போது ஏஐ மெஷின் வந்துவிட்டது, அது நம்மைவிட நன்றாக எழுதுகிறது என்றான். எழுதட்டும். நாம் கேட்கிற கேள்வியை அது பிரமாதமாகக் கேட்கும். லைனில் ஒருத்தி கையைத் தூக்கிவிட்டு ஓடுவதை நம்மில் யாராவது பார்த்திருந்தால்தானே அந்தக் கேள்வியை அதற்குச் சொல்ல முடியும். நான் ரெண்டு நிபந்தனை போட்டேன். எல்லாரும் மாசம் ஒரு நாள் கிளவுஸ் மாட்டி லைனில் நிற்க வேண்டும், இது உன்னுடைய மீதிப் பாதி. டெஸ்டர் என்று எடுத்தால் லைனில் ஒரு வருஷமாவது நின்றவராக எடுக்க வேண்டும். பார்ட்னர் சரி என்றார். கார்த்தி கிளவுஸைக் கையில் வாங்கி, வெட்டிய விரல் நுனியைத் தடவினான். "அந்தப் பட்டன எடுத்தது நான்தானேக்கா" என்றான். சரி என்று சொன்னது நான் என்றேன்.

அதன் பிறகும் மனசு ஆறவில்லை. முந்தாநாள் மத்தியானம் முதல் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு வல்லம் வடகால் போய், அந்தக் கம்பெனி கேட்டில் நின்றேன். செக்யூரிட்டியிடம் கேட்டு வைத்திருந்ததால், அவள் வெளியே வந்ததும் காட்டினார். ஒல்லியான பெண், தோளில் டிபன் பை. கம்பெனி பஸ் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தவளை நிறுத்தி, நான் யார் என்று சொன்னேன். அன்று அவள் பேரில் விழுந்த தப்பு எங்களுடையது, சாஃப்ட்வேர் பொய் சொல்லாது என்று சூப்பர்வைசரிடம் சொன்னதும் நான்தான், என்னை மன்னித்துவிடு என்றேன். சுற்றிலும் ஷிஃப்ட் விட்ட பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அவள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, மறுபடியும் சொல்றீங்க? அதான் அப்பவே சொல்லி அனுப்பிச்சீங்களே."

"யாரு? நானா?"

"ஆமாக்கா, எங்க சந்துக்கு முன்னாடி வூட்டு அக்காகிட்ட. நான் திரும்ப லைனுக்குப் போன அன்னிக்கு சாயங்காலம் ரூமுக்கு வந்தாங்க. மேடத்துக்கு வேலை ஜாஸ்தி, நேர்ல வர முடியல, தப்பு அவங்களுதுதான், உன்னாண்ட சாரி சொல்லச் சொன்னாங்கன்னு சொன்னாங்க. நீங்க குடுத்தீங்கன்னு ஒரு சீப்பு வாழப்பழம் வேற. அப்பவே முடியாமதான் இருந்தாங்க, செவுத்தப் புடிச்சிகினுதான் நின்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அன்னிக்குதான்க்கா நான் நிம்மதியா தூங்கினேன்" என்றாள்.

பஸ் ஹாரன் அடித்தது. அவள் தலையாட்டிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். நான் ரோட்டோரமாக ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

நான் சொல்லவில்லை என்று உனக்கு அன்றே தெரியும். நான் உன் வாசலில் உட்கார்ந்து 'சொல்லிட்டேன்' என்றபோது, உன் கேள்விக்கு உண்மையான பதில் என்ன என்று மூன்று மாதம் முன்பே தெரிந்து வைத்திருந்தாய். சூப்பர்வைசர் முன்னால், லைன் முழுக்கக் கேட்கும்படி என் தப்பைச் சொன்னவள், அன்று டீயைக் குடி என்று மட்டும் சொன்னாய்.

கிளவுஸ் இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது. நாளைக்குப் புதிய திரை ஒன்று வெளியே போகிறது. அதை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பட்டனாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். கோபம் வந்தால் அதையும் எழுதி வைப்பேன். எந்தத் தப்பு வந்தாலும் திருத்திவிடலாம். திருத்த முடியாதது ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்கு முன்னால் நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். ரிலீஃப் பட்டனை மட்டும் நீ தொடவே இல்லை. நீ செய்ததெல்லாம் என் பேரிலேயே பதிவாகியிருக்கிறது.